ஜன்னலோரத் தொட்டி

மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கிற மனுஷன். ஊருக்கெல்லாம் பார்வை தெளிவாக்கி அனுப்புவார். தன் வீட்டுத் தொட்டியில மீன் இருக்கா இல்லையான்னு அவருக்கே தெரியாது. அவ்வளவு பாசி!

தொட்டி என்னவோ சின்னதுதான், ரெண்டு பக்கெட் தண்ணி பிடிக்கும். உள்ள செடியெல்லாம் நட்டு, புள்ளை மாதிரி பார்த்துக்கிட்டார். வீட்ல வெளிச்சமான ஒரே ஜன்னல் தொட்டிக்கு. இருட்டு மூலை சம்சாரத்தோட தையல் மிஷினுக்கு. அவ அங்க உக்காந்து கறுப்புத் துணியில கறுப்பு நூலைத் தேடித் தேடி, பாதி நேரம் விரலையும் சேர்த்துத் தைச்சுக்கிட்டிருந்தா.

"ஏங்க, அந்தப் பச்சைக் குட்டையை நகர்த்திட்டு எனக்கு ஜன்னலைக் குடுங்களேன்."

"குட்டையா? தண்ணிக்குள்ள ஒரு காடுடி அது!"

"அப்போ காட்டுல மீன் தொலைஞ்சு போச்சு. தேட ஆள் அனுப்புங்க."

மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "இந்த மாசத்துக்குள்ள பாசி போகலேன்னா ஜன்னல் உனக்கு. போயிருச்சுன்னா, தொட்டி நிக்கிற இடத்தை விட்டு ஒரு அங்குலம் நகராது. ஆயுசுக்கும்!"

"பாசி போற அன்னிக்கு எங்க நிக்குதோ, அங்கேயேவா?"

"அங்கேயே!"

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரமா அவ எதுக்கும் சரின்னு சொன்னதே கிடையாது. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். எங்க படுறார்!

பழைய பல் பிரஷ்ஷால தொட்டிக் கண்ணாடியைத் தேய்ச்சார். நாலு நாள்ல மறுபடி பச்சை. தண்ணி மாத்தினார். அதுவும் பச்சை. இவங்க குடும்பமே இப்படித்தான். இவர் அண்ணன் இருக்காரே, வழுக்கையில முடி வளரும்னு ஒரு எண்ணெயைத் தேய்ச்சுத் தேய்ச்சு, கடைசியில தலையணை உறைதான் மினுமினுன்னு ஆச்சு. அது தனிக் கதை, விடுங்க.

ஒருநாள் சம்சாரம் ஊசியில நூல் கோத்துக்கிட்டே கேட்டா: "ஏங்க, வெயில் பட்டா செடி வளருமில்ல?"

"பின்னே?"

"அப்போ பாசிக்கும் அந்த வெயில்தானே சாப்பாடு? எனக்கென்ன தெரியும், சும்மா கேட்டேன்."

மறுநாள் காலையில பல்லு விளக்காமலே ஓடி வந்தார். "கண்டுபிடிச்சுட்டேன்! எல்லாம் இந்த வெயில் பண்ற வேலை!"

"அடேங்கப்பா! எப்படிங்க இதெல்லாம் தோணுது?"

"மூளை வேணும். தொட்டி இன்னிக்கே அந்த மூலைக்குப் போகுது."

"என் மிஷின் எங்க போகும்?"

"அதை ஜன்னல்கிட்ட வச்சுக்கோ, போ."

"உங்க இஷ்டம்"னு அவளே ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கினா.

தொட்டி விளக்கைச் சாயங்காலம் மட்டும் கொஞ்ச நேரம் போட்டார். தீனி ஒரு சிட்டிகைதான். வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினார். மாசம் முடியறதுக்குள்ள தண்ணி, அவர் கடைக் கண்ணாடி மாதிரி பளிச்! செடியில புதுத் துளிர். இலைக்குப் பின்னால கடுகு கடுகா ஏதோ ஓடுது.

"ஏய், ஓடி வா! குட்டி போட்டிருக்கு!"

ரெண்டு பேரும் தரையில உக்காந்து, தலையோட தலை முட்டிக்கிட்டுப் பார்த்தாங்க. அவருக்குக் கண்ணே கலங்கிருச்சு.

"பார்த்தியா? ஜெயிச்சுட்டேன்! பிடி அந்தப் பக்கம், ஜன்னலுக்குக் கொண்டு போயிரலாம்."

சம்சாரம் எழுந்து போய் மிஷின்ல உக்காந்தா.

"ஒரு அங்குலம் நகராதுன்னு சொன்னீங்களே. ஆயுசுக்கும்!"

அவர் திறந்த வாயோட ஜன்னலுக்கு முன்னால வந்து நின்னார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."