திரைக்கு அந்தப் பக்கம் ஒரு தலை

ஊருக்கு மூளை வந்துவிட்டது என்று முச்சக்கர வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி சாய்ந்தமருதுத் தெருவெல்லாம் கத்திக்கொண்டு போனது. அதுவரைக்கும் இல்லாதிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

"மண்டையைத் திறக்காமல் மூளைக்குள் பார்க்கும் ஜெர்மன் மெஷின்! வலிப்பு, பாரிசவாதம், மறதி, மண்டையில் பட்ட அடி, பரீட்சையில் பெயில், மருமகளின் பிடிவாதம், எல்லாம் மூளைக் கோளாறு! நியூரோ ஜெஸீம் அவர்களின் ஆராய்ச்சிச் சிகிச்சை!"

மறுநாளே கலியாண மண்டபம் நிறைந்தது. கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். பொத்துவிலிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். நடக்க ஏலாதவரைத் தூக்கி வந்தார்கள். நன்றாக நடப்பவரையும், எதற்கும் இருக்கட்டும் என்று, இழுத்து வந்தார்கள்.

மண்டபத்துக்கு எதிரே வத்தகப்பழம் எனும் தர்ப்பூசணி விற்கும் றாஹிலாவுக்கு முதல் நாள் நியூரோ ஜெஸீமின் மேல் நல்ல மரியாதை. வரிசையில் நின்று காய்ந்த கூட்டம் அவளுடைய பழத்தை அத்தனை விரைவாகத் தின்று தீர்த்தது. ஊர் ஏமாறும்போது பக்கத்துக் கடைக்கு வியாபாரம் நடக்கும். அதனால்தான் பக்கத்துக் கடைக்காரர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

அவளை வாய் திறக்க வைத்தவன் அவளுடைய புருசன் மீராசா.

மீராசா நெல் மில்லில் மூட்டை தூக்கிய கூலியாள், ஊர்ப் பேச்சில் நாட்டாமை. போன வருசம் அடுக்கு சரிந்து, மூட்டையோடு மூட்டையாய் நிலத்தில் விழுந்து, மண்டையில் அடிபட்டான். காயம் ஆறியது. வலிப்புத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, குளிசை கொடுத்து, கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். குளிசை போட்டதும் வலிப்பு அடங்கியது. ஆனால் குளிசை தூக்கம் தந்தது, தெருவோ பட்டம் தந்தது. "ஜின் புடிச்ச மீராசா" என்றார்கள். மூட்டை சரிந்ததற்கும் ஜின்னுக்கும் என்ன சம்பந்தம் என்று தெருவுக்குத் தெரியாது. தெருவுக்கு அது தேவையும் இல்லை.

ஒருநாள் மீராசா தனியே ஜெஸீமிடம் போனான். வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு போத்தல் எண்ணெய்.

"மெஷினில என்ட மூளையக் கண்டன் புள்ள! நீல வெளிச்சத்தில அப்படியே சுத்துது. இங்கிலிசு மருந்துதான் மூளையக் கட்டி வெச்சிரிக்காம். குளிசையெல்லாம் கக்கூசுக்குள்ள கொட்டிட்டன்."

அந்தக் கிழமையே கிணற்றடியில் விழுந்து இழுத்தது அவனுக்கு. நாக்கைக் கடித்து இரத்தம். இன்னும் ஒரு அடி தள்ளி விழுந்திருந்தால் கிணறு. றாஹிலா ஜெஸீமிடம் ஓடிப்போய்க் கேட்டபோது அவர் சிரித்தார். "பழைய நோய் வெளியேறுது. இன்னொரு போத்தல் பூசுங்க." மீராசா அதையும் நம்பினான்.

இந்த மனிதரை எப்படி நம்பாமல் இருப்பது? ஆஸ்பத்திரியை நம்புகிறவருக்கு வெள்ளைக் கோட்டு, பள்ளிவாசலை நம்புகிறவருக்குத் தொப்பி, படித்தவருக்கு மடிக்கணினி என்று மூன்றையும் ஒரே உடம்பில் ஏற்றி வைத்திருந்தார். சூனியம் வெட்டுகிறவர்கள் ஆளின் பெயரோடு பெற்ற உம்மாவின் பெயரையும் கேட்பார்களே, அதையும் கேட்டு மடிக்கணினியில் தட்டினார். எந்த நாட்டு ஸ்கேன் மெஷினுக்கு உம்மாவின் பெயர் வேண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. "மெஷினும் நம்மட முறைப்படிதான் பாக்குது" என்று பூரித்தார்கள்.

எல்லாவற்றையும் விட ஊரை விழுத்தியது அந்தத் திரை. மண்டபத்தின் நடுவே பச்சைச் சீலை. இந்தப் பக்கம் ஆண்களும் ஜெஸீமும் மெஷினும். அந்தப் பக்கம் பெண்கள். வெள்ளிப் பெயின்ட் அடித்த தலைக்கவசம் மட்டும் நீண்ட வயரோடு சீலைக்குக் கீழால் அந்தப் பக்கம் போகும். அங்கே கூலிக்கு நின்ற அஸ்னா என்ற பிள்ளை அதைப் பெண்களின் தலையில் வைப்பாள். இந்தப் பக்கம் ஜெஸீம் மடிக்கணினித் திரையில் சுழலும் மூளையைப் பார்த்து, மைக்கில் நோய் சொல்வார்.

"பொம்புளைட முகத்தக்கூடப் பாக்காத மனுசன்" என்று ஆண்கள் உருகினார்கள். வைத்தியர் நோயாளியைப் பார்க்காமலே வைத்தியம் செய்வதைப் பெருமை என்று கொண்டாடிய ஒரே ஊர் அதுவாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு ஸுஹைறாவுக்குத் தலையிடி என்று துணையாகப் போனபோதுதான் றாஹிலா அதைக் கண்டாள். தலைக்கவசம் ஸுஹைறாவின் கொண்டையில் நிற்காமல் வழுக்க, அஸ்னா அதைக் கழற்றிக் காலியான கதிரையில் வைத்தாள். திரைக்கு அங்காலிருந்து மைக் சொன்னது: "ஆ... இப்பதான் தெளிவாத் தெரியுது."

வீட்டுக்கு வந்து புருசனிடம் சொன்னாள். மீராசா சீறினான்.

"உனக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்? பழம் விக்கிற வேலையப் பாரு."

றாஹிலா சண்டை பிடிக்கவில்லை.

"சரி. நாளைக்கு நானும் ஒரு தலையக் காட்டுறன். நீங்க ஆம்புளப் பக்கம் இருந்து கேளுங்க. அவர் சொல்றது சரியெண்டா, குளிசையப் பத்தி வாயே திறக்க மாட்டன். பிழையெண்டா என்னோட கிளினிக்குக்கு வரணும்."

"ஓம்" என்றான் மீராசா. வெல்வது உறுதி என்று அவனுக்கு நினைப்பு.

மறுநாள் றாஹிலா அபாயாவுக்குள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெண்கள் பக்கம் நுழைந்தாள்.

"என்னகா, எத்தின மாசம்?" என்றாள் ஸுஹைறா, கண் விரிய.

"பொறுகா. இப்ப பெத்துக் காட்டுறன்."

அவள் முறை வந்தது. அபாயாவுக்குள்ளிருந்து ஒரு வத்தகப்பழத்தை எடுத்துக் கதிரையில் குந்த வைத்தாள். பெண்கள் வாயைப் பொத்தினார்கள். அஸ்னா தலைக்கவசத்தோடு திகைத்து நின்றாள்.

"ராத்தா, இது..."

"வை புள்ள. பழத்துக்கும் தலை நோகாதா?"

அஸ்னாவுக்கும் பல நாளாக ஒரு சந்தேகம். வைத்துவிட்டாள்.

"அடுத்த ஆள், பேரச் சொல்லுங்க" என்றது மைக்.

"எனக்கில்ல சேர். கூட்டி வந்த புள்ளைக்கு. அவ கதைக்க மாட்டா. பேர் பசீறா."

"உம்மாட பேர்?"

"ஹயறும்மா. அவ படுத்த படுக்கை சேர். எழும்பினதே இல்ல."

தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"குடும்ப வருத்தம். மெஷினில அப்படியே விழுகுது. பேச்சு நரம்பு கட்டுப்பட்டிரிக்கி. புள்ள கொஞ்ச நாளா சிரிக்கிறதுமில்ல, ஆரோடயும் சேர்றதுமில்ல. சரியா?"

"சரி சேர்!" பெண்கள் பக்கம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

"தலைக்குள்ள தண்ணி கூடிட்டு."

"இரிக்கும் சேர், நிறைய இரிக்கும்."

"மூளை நல்லாச் செவந்து போயிரிக்கி. உள்ளுக்குக் கறுப்புக் கறுப்பாப் புள்ளி. அதெல்லாம் செய்வினை."

ஸுஹைறா சீலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சே வரவில்லை. இத்தனை நாள் மனிதருக்குச் சொன்னதில் ஒன்றுகூடச் சரிவராத மெஷின், வத்தகப்பழத்துக்கு மட்டும் அச்சொட்டாகச் சொன்னது.

"கலியாணம் நடக்குமா சேர்?"

"என்ட எண்ணெயப் பூசுங்க. வாற நோன்புக்குள்ள மாப்பிள்ளை வீடு தேடி வரும்."

ஆண்கள் பக்கம் மீராசா நெகிழ்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"சேர், புள்ளைய அங்கால கொண்டு வந்து காட்டட்டா?"

"தாயே, பொம்புளப் புள்ளைட முகம் பாக்கிறது பாவம்."

"இவவப் பாக்கலாம் சேர். ஒரு பாவமும் வராது."

றாஹிலா திரையை விலக்கினாள். தலைக்கவசம் மாட்டிய வத்தகப்பழத்தைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு நடந்துவந்து, ஜெஸீமின் மேசையில் வைத்தாள். வழியில் வயர் எங்கோ சிக்கி, மடிக்கணினியிலிருந்து கழன்று விழுந்தது.

ஆண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"இது... இந்தப் பழத்துக்குள்ள ஜின் குந்தியிரிக்கி!" என்றார் ஜெஸீம்.

"அப்படியும் இரிக்கலாந்தானே?" என்று பின்வரிசையில் ஒருவர் இழுத்தார். எந்த ஊரிலும் பின்வரிசையில் அப்படி ஒருவர் இருப்பார்.

பொத்துவிலிலிருந்து வேனில் ஆட்களை ஏற்றி வந்த அச்சிமுகம்மது எழும்பி வந்தார். குனிந்து வயரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மடிக்கணினித் திரையைப் பார்த்தார்.

"வயர் என்ட கையில இரிக்கி. மூளை இன்னும் சுத்துதே, தம்பி?"

"அது... வைஃபை காக்கா."

"வைஃபையெண்டா வயர் என்ன மாடு கட்டவா?"

ஊரெல்லாம் வரிசையில் நின்று கண்ட மூளை அந்த ஒன்றுதான். கல்முனைக்காரரின் மூளையும் அதுவே, பொத்துவில்காரரின் மூளையும் அதுவே. ஆளுக்கு ஆள் உம்மாவின் பெயர் மட்டும் மாறியது.

மீராசா மெல்ல எழும்பினான். கடித்த நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை.

"அப்ப நான் அண்டைக்குப் பாத்தது ஆர்ட மூளை?"

ஜெஸீம் சமையற்கட்டுப் பக்கக் கதவைப் பார்த்தார். அங்கே அஸ்னா நின்றாள், பின்னால் பெண்கள் பக்கம் முழுவதும் நின்றது. அத்தனை நாளும் முகம் பார்க்க மறுத்த பெண்களை அன்றைக்குத்தான் அவர் ஒருவர் விடாமல் பார்த்தார். பொலிஸ் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மீராசா றாஹிலாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"குளிசையக் கொட்டிட்டன் புள்ள. திரும்பத் தருவாங்களா?"

"ஏசுவாங்க. ஏசிப்போட்டுத் தருவாங்க. வாங்க, இப்பவே போவம். இன்னொரு தரம் கிணத்தடியில விழுந்தா எனக்குத் தாங்க ஏலா."

அவன் கூடவே நடந்தான். ஆட்டோவை நிறுத்த அவள் கை நீட்டியபோது, பின்னால் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ராத்தா, ராத்தா! அந்தப் பழத்தில ஒரு துண்டு தாங்களன். பொய்க்காரனையே புடிச்சுக் குடுத்த பழம். மகன்ட தலையிடிக்கு நெத்தியில வெச்சுப் பாக்கணும்."

றாஹிலா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"மகன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க தங்கச்சி. பழம் தின்னுறதுக்கு. உங்கட தலைக்குள்ளயும் அல்லாஹ் ஒரு மூளைய வெச்சுத்தான் அனுப்பியிரிக்கான். மௌத்தாகி மண்ணுக்குள்ள போற வரைக்கும் அதப் புதுசாவே வெச்சிருந்து என்னத்தக் காணப் போறீங்க? ஒருக்காப் பாவிச்சுப் பாருங்க."