பதினான்கு நாள் ஜெனிஸ்டா

இன்னும் மூன்று நாளில் ஜெனிஸ்டா அழிந்துவிடுவாள்.

கடைக் கெமராவின் பதிவுப் பெட்டி பதினான்கு நாட்களைத்தான் வைத்திருக்கும். அதற்குமேல் புதுப் பதிவு வந்து பழையதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அலுவிகாரையில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் றொபின்சனின் மனைவி ஜெனிஸ்டா குவைத்துக்குப் போய்ப் பதினொரு நாள். ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்கும் வேலை. ஞாயிறு மட்டும்தான் பேசலாம்.

புறப்பட்ட காலையில், வாசலில் வேன் ஹோர்ன் அடிக்க அடிக்க, அவள் ஸ்டூலில் ஏறிக் கல்லாவுக்கு எதிரே இருந்த கெமராவைத் தோளில் கிடந்த ஷோலால் துடைத்தாள். பதினேழு வினாடி. திரை நிறைய அவள் மூக்கு, பிறகு ஒரு கண், பிறகு மறுபடி மூக்கு. போகிற நேரத்திலும் தூசி தட்டுகிறாளே என்று அன்றைக்குச் சிடுசிடுத்தவன், இப்போது அந்தப் பதினேழு வினாடியைக் காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு என்று மாத்திரை மாதிரிப் பார்த்துவந்தான்.

கடைக்குக் கெமரா பூட்டித் தந்த ஷிஃபானைக் கூப்பிட்டு, பதினான்கை முப்பதாக்கச் சொன்னான்.

“எதுக்குண்ணே? எந்த நாள் வேணும்னு சொல்லுங்க, பென் ட்ரைவ்ல போட்டுத் தர்றேன்.”

சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பத்தாறு வயது மனுஷன், கட்டின பொண்டாட்டியின் மூக்கைப் பென் ட்ரைவில் போட்டுத் தா என்று எந்த வாயால் கேட்பது?

“எந்த நாளும் இல்ல தம்பி. சும்மா, பாதுகாப்புக்கு.”

படத்தின் தரத்தைக் குறைத்தால் நாள் கூடும் என்றான் ஷிஃபான். மங்கிப் போகுமே, பரவாயில்லையா என்று ஏனோ இரண்டு தடவை கேட்டான். மங்கியது. அன்று மத்தியானமே யாரோ ஒரு ஹெல்மட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதிவில் திருடன் அவித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தான். கல்லாவில் இன்னொரு கிழங்கு உட்கார்ந்திருந்தது. அது றொபின்சன்.

கூடியது ஒரே நாள். மறுநாள் காலை, அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி மாற்றச் சொன்னான். மாற்றிய பிறகுதான் கடையில் அதிகம் அசைவது தானேதான் என்று விளங்கியது. ஆடாமல் உட்கார்ந்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தது. விரட்டினால் ஜெனிஸ்டாவில் அரை நிமிடம் போய்விடும். பிரேக் கேபிள் கேட்டவருக்குக் கண்ணாலேயே அலுமாரியைக் காட்டினான். பக்கத்துப் பேக்கரிக்கார அம்மா பால் போடாத பிளேன்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, இடுப்புப் பிடிப்பா என்று விசாரித்துப் போனார். பிளேன்டி ஆறியது.

இத்தனை தவத்துக்கும் பலனில்லை. மேலே சுழன்ற காற்றாடிக்கு ஆடிய கலண்டரை நாள் முழுக்கப் பதிந்து வைத்திருந்தது பெட்டி.

பதின்மூன்றாம் நாள் காலை கெமரா வயரையே பிடுங்கிவிட்டான். புதுசு வராவிட்டால் பழசு அழியாதுதானே. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு ஆசை தீர முதுகைச் சொறிந்தான். பார்க்க யாருமில்லாத நிம்மதி.

சாப்பாட்டு நேரத்தில் ஷிஃபானின் பைக் வாசலில் சறுக்கி நின்றது. ஹெல்மட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தவன், றொபின்சனின் கையைத் தொட்டுப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

“என்ன தம்பி?”

“சொல்லக் கூடாதுன்னுதான் ஜெனிஸ்டாக்கா சத்தியம் வாங்கினாங்க, தெரிஞ்சா நீங்க தலை சீவிட்டு உக்காந்துக்குவீங்களாம். குழந்தை தூங்குறப்போ பேச முடியாது, பார்க்கவாவது செய்யலாம்னு இந்தக் கெமராவை அவங்க ஃபோன்ல போட்டுக் குடுத்தேண்ணே. முந்தாநாள் மங்கிட்டீங்களாம், நேத்து அசையவே இல்லையாம், இன்னைக்கு ஒரே இருட்டாம், உசுரோட இருக்கீங்களான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க.”