பிடியுங்கோ அன்ரியின் சைக்கிள்

ரொறன்ரோவில் சைக்கிள் ஓடத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஓடத் தெரிந்தும் அதை நிற்பாட்டத் தெரியாதவர், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர்தான். வோபர்னில் எங்கள் மாடிக் கட்டடத்தில், எனக்கு நேர் கீழ் வீட்டில் அவர் இருந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஏதோ நீளமானது. கட்டடம் முழுவதற்கும் அவர் பிடியுங்கோ அன்ரி.

பெயர்க் காரணம் எளிது. சைக்கிளில் ஏறுவார், மிதிப்பார், காற்றாகப் பறப்பார். இறங்குவதற்கு மட்டும் ஆள் வேண்டும். இடம் நெருங்கியதும் "பிடியுங்கோ!" என்று குரல் கொடுப்பார். யாராவது ஓடிப்போய் ஒரு கையால் கூடையையும் மறு கையால் சீற்றையும் பற்றி, கூடவே கொஞ்சத் தூரம் ஓடி, சைக்கிளை அடக்கவேண்டும். பிரேக் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். அதை அமத்தினால் ஆள் தலைகீழாகப் பறக்கும் என்று பாண் சுடும் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒருத்தி சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அவர் பிரேக்கை நம்பவில்லை. மனிதரை நம்பினார்.

அந்தச் சைக்கிள் அவரிடம் வந்து சேர்ந்தபோது அன்ரியின் வயது அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வீடு மாறிப்போன யாரோ லொபியில் விட்டுப்போன ஊதாச் சைக்கிள். கீழே பார்க்கிங்கில் பழகினார். அவருடைய கணவர் பிறம்ரனிலிருந்து லொறி ஓடுபவர். கிழமை முழுவதும் நெடுஞ்சாலையில் இருந்துவிட்டு, சனிக்கிழமைகளில் பழைய மெத்தையொன்றைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நிற்பார். அன்ரி வேகமாக வந்து மெத்தையில் மோதி நிற்பார். ஒருநாள் கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பர் இறங்கி வந்து பார்த்தார். சைக்கிள், மெத்தை, மெத்தைக்குப் பின்னால் அங்கிள். எதைத் தடைசெய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றையும் தடைசெய்துவிட்டுப் போனார்.

அந்த நேரம்தான் நான் மகளோடு ஒரு பழைய ரயில் பாதையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தண்டவாளங்களைக் கழற்றிவிட்டு, பொடிக்கல் பரவி, நடக்கவும் சைக்கிள் ஓடவும் விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள். குழந்தை வண்டிகள், நாய்கள், மூன்று சில்லுச் சைக்கிளில் தகப்பனை முந்தப் பார்க்கும் வாண்டுகள். இதைச் சொன்னதும் அன்ரி என்னை இருத்தி வைத்து விசாரித்தார். ரயில் இப்பவும் வருமா என்பது முதல் கேள்வி. வராது என்றேன். ஏற்றம் இருக்கிறதா, முடக்கு இருக்கிறதா என்றார். ரயிலுக்குச் செங்குத்தாக ஏறவும் வராது, சட்டென்று திரும்பவும் வராது, அதனால் பாதை மட்டமாக நேரே போகிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அப்ப என்னைப்போலதான்," என்றார் அன்ரி.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்த கையோடு புறப்பட்டோம். அன்ரி கொண்டையை அவிழ்க்க மறுத்துவிட்டதால் ஹெல்மெற் தலையில் இருக்காமல் கொண்டையில் இருந்தது. கையில் அங்கிளின் பனிக்கால உறை. அங்கிள் பின்னாலிருந்து தள்ளிவிட, நான் முன்னால், ஆட்கள் இருந்து இளைப்பாறும் ஒரு வாங்கடியில் நின்று பிடிப்பதென்று திட்டம். சிலுவை அடையாளம் போட மறந்துவிட்டது அன்ரிக்குப் புறப்பட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஓட்டத்திலேயே ஒரு கையை விட்டார். பாதையின் அகலம் முழுவதையும் சைக்கிள் அளந்தது. ஆமென் சொன்னதும் நேரானது.

நான் அப்போது மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அன்ரி இஸ் நொட் ஸ்டொப்பிங்," என்றாள் மகள். நிமிர்ந்தபோது ஊதா நிறம் ஒன்று கடந்து போயிற்று. அதன் பின்னால் "பிடியுங்கோ" என்ற சொல் வரவரச் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

ஓடினேன். எனக்கு முன்னால் ஒரு நெட்டை வெள்ளைக்காரர் கட்டை நாயொன்றோடு நடந்துகொண்டிருந்தார். அன்ரி கூவிக்கொண்டே அவரைக் கடந்ததும், நாய் வளர்க்கும் மனிதரல்லவா, அவருக்கு ஒன்றுதான் தோன்றியிருக்கிறது: பாவம், இந்தப் பெண்ணின் நாய் தொலைந்துவிட்டது, அதன் பெயர் பிடியுங்கோ. உடனே பாதையோரச் செடிப் பற்றைக்குள் குனிந்து, விசிலடித்து, "பிடியுங்கோ, பிடியுங்கோ" என்று அன்பாக அழைக்கத் தொடங்கினார். அவருடைய நாயும் இல்லாத நாயைத் தேடிப் பற்றைக்குள் புகுந்தது. மூச்சு வாங்க நான் விசயத்தை விளக்கியபோது, நாய்க் கயிற்றை என் கையில் திணித்துவிட்டு அந்த நெட்டைக் கால்களால் அவர் பாய்ந்த பாய்ச்சலை என்ன சொல்ல. அன்ரியைப் பிடித்தே விட்டார்.

அன்ரி இறங்கி, ஹெல்மெற்றைக் கொண்டையில் சரிசெய்து, அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பின்னால் கேட்ட கூவலை அன்ரியும் தன் பாட்டில் விளங்கிக்கொண்டிருந்தார்.

"யூ ஓல்சோ நோ பிரேக்?"

அன்று தொடங்கியது. நாய்க்காரர் ஞாயிறு தவறாமல் வந்தார். ஓட்டப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கும் குழந்தை வண்டி தள்ளும் தகப்பன்மாருக்கும், அந்தச் சொல் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாதையில் தமிழே தெரியாதவர்கள் பலபேர் ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தது மட்டுமல்ல, ஓடியும் வந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் அன்ரி என்றுமில்லாத வேகத்தில் போய்விட்டார். நாங்கள் எல்லாரும் பின்னால். முன்னால், பாதை ஒரு தெருவைக் குறுக்கே கடக்கும் இடம். அங்கே பிடிக்க ஒருவரும் இல்லை. "மாதாவே" என்ற சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சைக்கிளின் பின் சில்லு ஒரு வேலிப் பற்றைக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து, ஹெல்மெற் முழுக்க இலையோடு, சிரித்துக்கொண்டே அன்ரி வெளியே வந்தார். நாங்களும் சிரித்தோம். அங்கிள் சிரிக்கவில்லை. புல்லில் இருந்துவிட்டார்.

"லொறியை உடன நிப்பாட்டேலாது. எனக்குத் தெரியும்," என்றார். "போதுமப்பா. இந்தச் சைக்கிள் வேண்டாம்."

அன்று பின்னேரமே சைக்கிள் என் பல்கனியில் வந்து அகதி அந்தஸ்துக் கேட்டது. தூக்கிக்கொண்டு வந்தவர் அன்ரி. கொஞ்ச நேரத்தில் அங்கிளும் தேடி வந்துவிட்டார். எப்போதும் சத்தமாகப் பேசும் அன்ரி அன்று மெதுவாகப் பேசினார்.

"இந்த நாட்டுக்கு வந்த நாள் துவக்கம் பஸ்காரன் ஏத்தினான், வேலை வான்காரன் ஏத்தினான், நீங்கள் ஏத்தினியள். நானா ஒரு இடத்துக்குப் போனது இந்தச் சைக்கிளிலதான்."

அங்கிள் ஒருமுறை டயரை அமத்திப் பார்த்தார். காற்றுக் காணாது என்று முணுமுணுத்தபடி சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

பனிக்காலம் முழுவதும் அவர்கள் வீட்டு ஹோலில் பிரேக் வகுப்பு நடந்தது. அன்ரி சீற்றில் இருப்பார். அங்கிள் பின் சில்லைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, அமத்து, விடு, அமத்து, விடு என்பார். என் வீட்டுத் தரைக்குக் கீழே இது கேட்டுக்கொண்டே இருக்கும். வசந்தம் வந்தது. ரயில் பாதைக்குப் போனோம். அன்ரி புறப்பட்டார்.

"பிடியுங்கோ!"

அங்கிள் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். பிறகு அவர் தெருவைக் கடக்கும் இடங்களில் எல்லாருக்கும் முன்னால் போய்க் காவல் நிற்பதோடு திருப்திப்பட்டுக்கொண்டார்.

கோடையில் ஒருநாள் நான் தனியே கொஞ்சம் முன்னதாகப் போய், மரத்து மறைவிலிருந்த ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் அன்ரி வந்தார். ஓர் அணில் குறுக்கே ஓடியது. அன்ரி பிரேக்கை மெல்ல அமத்தினார். சைக்கிள் அப்படியே நின்றது. ஒரு காலை ஊன்றி, அணிலுக்கு வழி விட்டு, கூடையிலிருந்து போத்தலை எடுத்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகும்போதுதான் என்னைக் கண்டார்.

"எப்ப துவக்கம் அன்ரி?" என்றேன்.

"பனிக்காலத்திலயே பிடிபட்டிட்டுது."

"பிறகேன் கத்துறியள்?"

அன்ரி பாதையை எட்டிப் பார்த்தார். அடுத்த தெருக் கடவையடியில் அங்கிளும் நாய்க்காரரும் சட்டைக் கையை மடித்துவிட்டபடி எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கிழமையில் பத்து வார்த்தை பேசாத அங்கிள், ஆங்கிலத்தில், கை ஆட்டி ஆட்டி.

"பிள்ளை, நிப்பாட்டத் தெரிஞ்சவளை ஆர் பிடிக்க வரப்போகினம்?"

சொல்லிவிட்டு மிதித்தார். கூவினார். இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் பாய்ந்து, ஒருவரோடொருவர் மோதி, எப்படியோ ஆளுக்கொரு பக்கம் பிடித்துவிட்டார்கள். நாய் மூவரையும் சுற்றிச் சுற்றிக் குரைத்தது.

போன வருடம் லொறி நிற்கும் இடத்துக்குக் கிட்டவாக வீடு பார்த்து இருவரும் பிறம்ரனுக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் ஒரு நடைபாதை இருக்கிறதாம். ஆட்கள் இன்னும் பழகவில்லையாம். அன்ரி போனில் முறைப்பட்டார். நான் அன்று கண்டதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இங்கே எழுதினால் பரவாயில்லை, நாய்க்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அங்கிளுக்கு வாசிக்க நேரம் கிடையாது. அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொண்டே ஓடியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் அந்தப் பாதைக்குப் போகிறேன். நன்றாக நடக்கிறேன். ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் ஒருவரும் இல்லை.