சகலையின் பிஸ்டனுக்கு நான் வைத்த சந்தனம்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்பவர்களுக்கு அநேகமாகச் சகலை இருக்க மாட்டார். எனக்கு இருக்கிறார். குணா அண்ணன், என் மனைவி மாலாவின் அக்கா கணவர். சிங்கப்பூரில் லேத்தில் இரும்பு கடையும் வேலை. தங்கமான மனிதர். அதுதான் என் வயிற்றெரிச்சலே. ஒரு குறை இருந்திருந்தால் அதைச் சொல்லித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர் ஒருமுறை உள்ளங்கை அளவில் ஓர் எஞ்சின் செய்து மாமனாருக்குக் கொடுத்தார். அடியில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் உள்ளே காற்று சூடாகிப் பிஸ்டனைத் தள்ளும், சக்கரம் சுற்றும். எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், சிகாமட் ஊரில் உள்ள தன் வீட்டு ஹாலில் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். நான் வாங்கிக் கொடுத்த சுவர்க் கடிகாரத்துக்கு அந்த அலமாரியில் இடமில்லை. (சுவர்க் கடிகாரத்தை ஏன் அலமாரியில் வைக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். பொறாமைக்கு அதெல்லாம் தெரியாது.)

அந்த அலமாரிக்குள் நான் செய்த எஞ்சினும் போயே ஆக வேண்டும்! ஒரு சின்ன லேத் வாங்கி, தெப்ராவில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் போட்டேன். நான் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். இருபது வருடம் இரும்பை எடுத்துக் கொடுத்தவனுக்கு அதைக் கடைய வராதா என்ன?

"அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மாலா. கேட்பேனா நான்!

ஏழு பிஸ்டன்கள் பாழாயின. எட்டாவதைக் கடைந்த கையோடு காலிப்பரில் அளந்தேன். அச்சு அசல் அளவு! விரலைச் சுட்டது, யார் கவலைப்பட்டார்கள்? ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பொருத்தியபோது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. என்ன நேர்த்தி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் ஆயுத பூஜை என்பதால் ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

பூஜை எங்கள் வீட்டில். குணா அண்ணனும் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். மாமனார் அலமாரி எஞ்சினைத் துண்டில் சுற்றி ரயிலில் கொண்டுவந்திருந்தார். "பூஜை முடிஞ்சதும் ரெண்டையும் ஓட விடுவோம். சின்ன மாப்பிள்ளையோடது ஓடுச்சுன்னா அதுவும் நம்ம அலமாரிக்குத்தான் லா" என்றார்.

சந்தனக் கிண்ணம் என் கையில். லேத்துக்கு ஒரு பொட்டு, ஸ்பேனருக்கு ஒரு பொட்டு. குணா அண்ணன் எஞ்சினிடம் வந்ததும் கை என் பேச்சைக் கேட்கவில்லை. (பொய். நன்றாகவே கேட்டது.) பிஸ்டன் உள்ளே போகிற வாயில் பெரிய உருண்டையாக அப்பினேன்.

விளக்கைக் கொளுத்தினார்கள். அவருடைய சக்கரம் அசையவில்லை.

"அலமாக்! என்னாச்சு இதுக்கு?" என்று மாமனார் பதறினார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

குணா அண்ணன் குனிந்து பார்த்தார். "இதுக்குள்ள யாரு சந்தனம் வச்சா?"

மாலா பெருமையோடு முந்திக்கொண்டாள். "இவருதான் அத்தான்! எல்லாத்துக்கும் ஒரு பொட்டு, உங்களோடதுக்கு மட்டும் ஒரு உருண்டையே பக்தியா வச்சாரு!"

வீடே என்னைப் பார்த்தது. குணா அண்ணன் பிஸ்டனைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். சக்கரம் ஜம்மென்று ஓடியது.

அடுத்தது என்னுடையது. விளக்கைக் கொளுத்திச் சக்கரத்தைச் சுண்டினேன். அரைச் சுற்று வந்து நின்றது. மறுபடி சுண்டினேன். மறுபடி அரைச் சுற்று.

"மாப்ள, எஞ்சின் ஓடல, உங்க விரல்தான் ஓடுது" என்றார் மாமனார்.

குணா அண்ணன் என் பிஸ்டனை எடுத்து உருட்டிப் பார்த்தார். "தம்பி, சூட்டோட அளந்தீங்களா? ஆறினா சுருங்கிடும் லா. இப்போ காத்தெல்லாம் ஓரமா ஓடிடுது."

பூஜையில் வைத்த லேத்தை அன்று தொடக்கூடாது. மறுநாள் காலை அவரே என் லேத்தில் ஒரு பிஸ்டன் கடைந்தார். உடனே அளக்கவில்லை. "வாங்க, தே ஓ குடிச்சிட்டு வருவோம். அது ஆறட்டும்" என்றார். பால் சேர்க்காத அந்தத் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை சந்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். அந்த நல்ல குணத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு எஞ்சின் ஓடியது. அதிலிருந்து எந்த ஆயுத பூஜையிலும் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் யாரும் தருவதில்லை. "அவருக்குக் குங்குமம் போதும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

என் எஞ்சினும் அலமாரிக்குள் போய்விட்டது. ஆசைப்பட்டதுதானே! இப்போது சிகாமட் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விளக்குகிறார்.

"அது மூத்த மாப்பிள்ளை செஞ்சது. இது சின்ன மாப்பிள்ளை செஞ்சு, மூத்த மாப்பிள்ளை ஓட வச்சது."