சாம்பல் தராத அடுப்பு

சமையல் என்பது சாம்பல் உண்டாக்கும் தொழில் என்று அரசாங்கம் என்றைக்கோ முடிவு செய்துவிட்டது. ஆகவே எல்லா அலுவலக கேன்டீன்களிலும் 'அடுப்புச் சாம்பல் பதிவேடு' என்று ஒன்று உண்டு. சாயங்காலம் அடுப்பை வாரி, சாம்பலை நிறுத்து, அதில் எழுத வேண்டும். எவ்வளவு சாம்பலோ அவ்வளவு உழைப்பு.

நம் கேன்டீன் மாஸ்டர் பதினொரு வருஷமாக விறகடுப்பில் வெந்து, நாள் தவறாமல் இரண்டு கிலோ சாம்பல் காட்டி வந்தவர். தற்காலிகப் பணியாளர். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குவதாக இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா இயக்குநர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்த் தொலைய வேண்டும்!

திரும்பி வந்தவர் வாயைத் திறந்தால் கேஸ் கிரில்தான். அப்போது அது பெரிய இடத்து மோகம். அதிகாரிகள் வீட்டு மொட்டைமாடியில் எல்லாம் ஒன்று நின்றது. யாரும் பற்றவைத்ததில்லை, இடுக்கியும் கையுமாகப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கேன்டீனுக்கும் ஒன்று வந்து இறங்கியது.

குமிழைத் திருகினால் தீ. மூடியில் சூடு காட்டும் முள். ஒரு பக்கம் முழுத் தீயில் கோழியைச் சிவக்க வாட்டலாம், மறுபக்கம் தீயைக் குறைத்து நிதானமாக வேகவிடலாம். சொட்டுகிற கொழுப்பு கீழ்த்தட்டில் போய்ச் சேரும். பதினொரு வருஷத்தில் முதல் முறையாக மாஸ்டருக்குக் கண் எரியவில்லை. மனுஷன் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

மாதக் கடைசியில் கண்காணிப்பாளர் ஒரு கையில் பதிவேடும் மறு கையில் கோழிக்காலுமாக வந்தார்.

"என்ன மாஸ்டர், மாசம் பூரா சாம்பல் பூஜ்யம்னு போட்டிருக்கீங்க?"

"கேஸ்ல சாம்பல் வராது சார்."

"அப்போ மாசம் பூரா சமைக்கலை."

"உங்க கையில இருக்கிறது என்ன சார்?"

கண்காணிப்பாளர் அதை நன்றாகப் பார்த்தார். "இது கோழி. நான் கேக்கறது சாம்பல். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க."

"பதிவேட்டை மாத்திடலாமே சார்?"

"மாத்த ஒரு படிவம் இருக்கு. அது தீர்ந்துபோய் ஆறு வருஷமாச்சு. உங்க மேல உள்ள பிரியத்துல சொல்றேன், வேலையே செய்யாத ஆளை எப்படி நிரந்தரம் பண்றது? நல்லா வெந்திருக்கு, இன்னொரு துண்டு வைங்க."

மாஸ்டர் வீட்டுக்குப் போய் இடிந்து உட்கார்ந்தார். மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அவங்களுக்கு வேண்டியது சாம்பல்தானே? குடுத்துத் தொலைங்களேன்!"

மறுநாள் முதல் கிரில்லில் சமையல் நடந்தது. பின்னால் பழைய அடுப்பில் விறகு சும்மா எரிந்தது. சாயங்காலம் இரண்டு கிலோ சாம்பல். மாஸ்டருக்குக் கண் பழையபடி கலங்கியது. இயக்குநர் ஒரு குழுவோடு வந்து, அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுத்து, "இதுதான்யா கேஸ் கிரில் மணம்!" என்றார்.

குழு அறிக்கை அளித்தது: 'மேற்படி நவீன அடுப்பு அறவே புகையின்றி இயங்குவதுடன், நாளொன்றுக்கு இரண்டு கிலோ தரமான சாம்பலையும் ஈன்று தருகிறது.' எல்லா அலுவலகங்களுக்கும் கிரில் வாங்க உத்தரவு பறந்தது. கேஸிலிருந்து சாம்பல் எடுத்த ஒரே மனிதர் என்பதால் மாஸ்டரை நிரந்தரம் ஆக்கி, கையோடு சாம்பல் ஆய்வாளராகவும் உயர்த்திவிட்டார்கள்.

முதல் ஆய்வு வேறோர் அலுவலக கேன்டீனில். ஒன்பது வருஷமாகத் தற்காலிகத்தில் இருக்கும் ஓர் அம்மா, பளபளக்கும் கிரில்லில் மீன் வாட்டிக்கொண்டிருந்தாள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ஆய்வாளர் மூன்று துண்டு சாப்பிட்டார்.

"சாம்பல் எங்கேம்மா?"

"கேஸ்ல எப்படிண்ணே வரும்? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பின்னால் ஒரு விறகடுப்பு மூட்டச் சொல்ல வாயெடுத்தார். பாவம், ஒன்பது வருஷம்! ஆனால் எல்லாரும் சாம்பல் காட்ட ஆரம்பித்துவிட்டால் ஆய்வாளர் எதற்கு என்று மேலே கேட்டுவிட மாட்டார்களா? சொல்ல வந்ததை மீனோடு சேர்த்து விழுங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"மீன் அருமைம்மா. சமைச்சதாத்தான் தெரியலை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.