கிருமி மாமாவின் பீங்கான் கப்பு

பெண் பார்க்க வந்த அன்று எம்.கே.பி. நகர் வீட்டில் இருந்தவர்கள்: மாப்பிள்ளை. அவன் அம்மா. அவன் சித்தி. பெண். பெண்ணின் அப்பா கிருமி மாமா. நான்.

கிருமி என்பது நாங்கள் வைத்த பேர். வடசென்னையில் கிருமிக்குப் பயந்து வாழ்ந்த ஆள் அவர் ஒருவர்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டார். பிரேக் போட்டால் பக்கத்து ஆள் மேல் விழுவார்.

வேலையும் அதற்கேற்ற வேலை. எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி. ஊசிப் பெட்டியும் மிளகாய்த்தூளும் தடிச்சுவர் அறைக்குள் போகும். காமா கதிர் பட்டுக் கிருமி செத்து வெளியே வரும். மாமாவும் நானும் பெட்டி ஏற்றி இறக்குகிறவர்கள். ஒரு தடவை தன் செருப்பையே உள்ளே அனுப்பினார். திரும்பி வந்த செருப்பைத் தரையில் வைக்க மனசு வரவில்லை. வீட்டுக்கு வெறுங்காலோடு போனார்.

முதலில் வந்த சம்பந்தம், ஏரியா கலீஜ் என்று சொல்லித் தட்டிப் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை வண்ணாரப்பேட்டையில் வெள்ளைப் பீங்கான் கப்பு ஆறு வாங்கினார். பெட்டிக்கு டேப் ஒட்டி, கதிருக்குள் அனுப்பினார். பிரித்தால் கிருமி ஏறும் என்று அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பிரிக்கவிட்டார்.

டீ வந்தது. கப்பு பழுப்பு. பிறந்ததிலிருந்து கழுவாத மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கப்பைக் கீழே வைத்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஃபேனைப் பார்த்தேன்.

மாமா சும்மா இருந்திருக்கலாம். "அழுக்குன்னு நெனைக்காதீங்கம்மா. காமா வச்சி எடுத்தது."

"இன்னாது அது?"

"அணு மாதிரிம்மா."

சித்தி எழுந்து நின்றுவிட்டார்.

"போதும் நைனா," என்றாள் பெண்.

சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை.

மாமா தலையைக் குனிந்தே பெட்டி ஏற்றினார். கடைசியில் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். அவர் திட்டி முடித்துவிட்டு, கதிர் பீங்கானில் தங்காது, நிறம்தான் மாறும், நல்ல சூட்டில் வைத்தால் அதுவும் போய்விடும் என்றார்.

பேக்கரியில் கெஞ்சி, பன் சுடும் அடுப்பில் வைத்தோம். வெளுத்து வந்தது.

பெட்டியோடு காசிமேட்டில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே போகக் கால் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவே வெளியே வந்தார்.

"தப்பு என்னுதும்மா. பொண்ணு மேல ஒண்ணும் இல்ல," என்றார் மாமா. பெட்டியைத் திறந்து நீட்டினார்.

அந்த அம்மா ஒரு கப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கோசரமா இம்மாந்தூரம் வந்தீங்க?" முந்தானையால் துடைத்தார். டீ ஊற்றி நீட்டினார்.

முந்தானையால் துடைத்த கப்பு. மாமா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஒரு சொட்டு விடவில்லை.

கிளம்பும்போது அந்தக் கப்பை அந்த அம்மா திருப்பித் தரவில்லை. "இது இங்கயே கெடக்கட்டும். உங்க பொண்ணு வந்து குடிக்கும்."

திரும்பும்போது பஸ்ஸில் மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி என் கையில். கப்பு ஐந்து.