ஐந்தருவியில் தலையாட்டிய விவகாரம்

தென்காசி
குரோதன வருஷம், ஆடி 22

குவைத்தில் இருக்கும் அன்புத் தம்பி சிவசைலத்துக்கு, அண்ணன் பால்வண்ணநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மதினி பேராச்சியும் கல்யாணப் பெண் முத்துவடிவும் உலகம்மன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீ வெயிலில் அலையாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இந்த வருஷம் சாரல் பிரமாதம். அருவிகளில் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. அந்தத் தண்ணீரால்தான் உன் அண்ணன் இன்றைக்கு இந்தக் கதிக்கு ஆளாகியிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் பத்திரப்பதிவு ஆபீசில் வேலை பார்த்தவன் என்பதால் எதையும் முதலில் இருந்து வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். பொறுமையாகப் படிக்கவும்.

ஆனி மாதம் உன் கடிதம் வந்தது. புதிதாக ஒரு வீடியோ கேம் வந்திருக்கிறது, அறைச் சிநேகிதர் ஒருவரிடம் இருக்கிறது, நம் வீட்டில் இருக்கும் பழையதைக் கொடுத்தால் புதியதைத் தருகிறேன் என்கிறார், கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவரட்டுமா வேண்டாமா, வீட்டில் கேட்டு எழுதுங்கள் என்று நாலு வரி எழுதி, அதன் வர்ணப் படம் போட்ட தாள் ஒன்றையும் மடித்து வைத்திருந்தாய். வீட்டில் கேட்டு எழுதத்தான் சொன்னாய். நான் அதை மன்றத்தில் வாசித்தேன். என் தப்புகளில் இது முதலாவது.

மன்றம் என்றால் உனக்கு விளங்காது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது டிவியோடு சேர்த்து, முத்துவடிவுக்கென்று அந்த மிஷினையும் கொண்டுவந்தாய் அல்லவா, நீ விமானம் ஏறிய மறுவாரமே நம் முன்கூடத்தில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. டிவியின் இந்த ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அந்த ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு பொட்டு, ரெண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து ஆளுக்கொரு குமிழைத் திருகிப் பொட்டைத் தட்டுகிறார்கள், டொக் டொக் என்று சத்தம், இவ்வளவுதான் விஷயம். இதைப் பார்க்கப் பெரிய மனுஷர்கள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தார்கள். முதல் ஒரு மாதம், இது சிலோனிலிருந்து வருகிற நிகழ்ச்சி என்று நினைத்து மாடியில் ஏறி ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பித் திருப்பி வைத்தார்கள். பிறகு ரேடியோ ரிப்பேர் கடை துல்கர்னைன், ஊரில் நடிகருக்கு நடிகர் மன்றம் இருக்கும்போது இதற்கு ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டார். உடனே 'தென்காசி வீடியோ கேம் ரசிகர் மன்றம்' என்று ரப்பர் ஸ்டாம்பு செய்துவிட்டார்கள். அவர் செயலாளர். டிவி என் வீட்டில் இருப்பதால் நான் தலைவர். மற்றபடி நான் அந்த மிஷினைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது, இது ஊரறிந்த விஷயம்.

உறுப்பினர்கள் என்னைச் சேர்த்துப் பதினோரு பேர். அதில் ரெண்டு பேர்தான் உனக்கு முக்கியம். ஒருவன் என் மச்சினன் வீரபாகு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வயலையும் மாட்டையும் அப்படியே போட்டுவிட்டுப் பண்பொழியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவான். இதுவரை அவனை யாரும் ஜெயித்ததில்லை, அந்தக் கணக்கைக் கரிக்கட்டியால் நம் முன்கூடத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறான், வெள்ளையடிக்கவும் விடமாட்டேன் என்கிறான். இன்னொருவர் நம் சம்பந்தி ஆகப்போகும் குத்துக்கல்வலசை தில்லைநாயகம். முத்துவடிவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை காந்திமதிநாதன் அவருடைய ஒரே பையன், பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான குணம். பெண் பார்க்க வந்த இடத்தில்தான் தில்லைநாயகம் அந்த மிஷினைப் பார்த்தார். அன்றைக்கு அவர் முதலில் பார்த்தது பெண்ணையா மிஷினையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அன்றிலிருந்து அவரும் ஞாயிறு தவறாமல் வருவார், வீரபாகுவிடம் தோற்பார், வேஷ்டியை உதறிக் கட்டிக்கொண்டு போவார்.

இந்த நிலைமையில் நான் உன் கடிதத்தை வாசித்தேன். தில்லைநாயகம் எழுந்து நின்று, புதியது கட்டாயம் வரவேண்டும் என்றார். வீரபாகு உட்கார்ந்தபடியே, பழையது இந்த வீட்டுப் படியைத் தாண்டக்கூடாது என்றான். அவ்வளவுதான், மன்றம் ரெண்டாகிவிட்டது. புது கேமை இவர்களில் ஒருத்தர்கூடக் கண்ணால் கண்டதில்லை. கையில் இருப்பது நீ அனுப்பிய அந்த ஒரு தாள். அதில் கீழே ஒரே ஒரு விமானம், மேலேயிருந்து கலர் கலராக வண்டுகள் இறங்குகின்றன, விமானம் சுட வேண்டும். இதை வைத்துக்கொண்டு நாலு ஞாயிறு வாக்குவாதம் செய்தார்கள். படத்தில் சிவப்பும் பச்சையுமாக இருக்கிறது, நம் டிவி கறுப்பு வெள்ளை, அப்போது நல்ல வண்டு எது கெட்ட வண்டு எது என்று எப்படித் தெரியும் என்றது பழைய கட்சி. எல்லா வண்டும் கெட்டதுதான், வந்ததைச் சுட வேண்டியதுதான் என்றது புதுக் கட்சி. துல்கர்னைன் பூதக்கண்ணாடி வைத்து அந்தத் தாளின் இங்கிலீஷைப் படித்துவிட்டு, இதற்கு முடிவே கிடையாதாம், விமானம் வெடித்தால்தான் ஆட்டம் முடியுமாம் என்றார். அப்போது வீரபாகு என்னைப் பார்த்து, "ஏன் அத்தான், எதிர்த்து ஆட ஒரு ஆள் இல்லாம, தனியா உக்காந்து பொத்தான அமுக்கிக்கிட்டு இருக்கதுக்குப் பேரு ஆட்டமா?" என்று கேட்டான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் சம்பந்தி முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஓட்டெடுத்தார்கள். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. பதினோராவது ஓட்டு தலைவருடையது. பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன். ஆனால் அந்த ஒரு வாரத்துக்குள் வீரபாகு தன் அக்காளிடம், மிஷின் குவைத்துக்குப் போனால் மாமன் சீருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறான். தாய்மாமன் வந்து நிற்காமல் நம் வீட்டில் எந்தப் பெண்ணாவது மணையில் உட்கார்ந்திருக்கிறாளா, நீயே சொல். அது போதாதென்று செவ்வாய்க்கிழமை தில்லைநாயகம் வழியில் பார்த்து, குடையை மடக்கிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "அண்ணாச்சி, கல்யாணம் ஆவணியில ரொம்ப அவசரமா இருக்கும்போல இருக்கே, தையில பாத்துக்கிடுவமா?" என்றார். தையில் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. உன் மதினி சாப்பிட்டாள், ஆனால் என்னோடு பேசவில்லை.

ஆவணி இருபது முகூர்த்தம். அச்சகத்துக்காரர் பத்திரிகைக்கு எழுத்துக் கோர்த்து வைத்துவிட்டு என் வாயைப் பார்க்கிறார். கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ரெண்டு பேரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனால் என்ன? எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்கிறவன் எவனும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, சூடெல்லாம் இறங்கி நிதானத்துக்கு வந்துவிடுவார்கள், அப்போது பேசி முடிக்கலாம் என்று நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை போனோம். வழியெல்லாம் ரெண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அருவியில் எனக்கு இடது பக்கம் வீரபாகு, வலது பக்கம் தில்லைநாயகம், நடுவில் நான். தண்ணீரோ கல்லைப் போட்ட மாதிரி விழுகிறது. வீரபாகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து என்னமோ கத்தினான். ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து தில்லைநாயகமும் வந்து கத்தினார். அதுவும் கேட்கவில்லை. ரெண்டு பேரும் சிரித்த முகத்தோடு கரையேறினார்கள், நான் ஐந்தருவியின் மகிமையை நினைத்து அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் தில்லைநாயகம் அச்சகத்துக்கே போய் பத்திரிகை அடிக்கச் சொல்லிவிட்டார். வீரபாகு சீர்ப்புடவை எடுத்துவிட்டதாக ஆள் அனுப்பினான். வீட்டில் ஒரு மாதத்துக்குப் பிறகு எனக்குக் கூட்டு பொரியலோடு சாப்பாடு கிடைத்தது. ஞாயிறன்று வீரபாகு என்னைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "அருவியில வச்சு வாக்கு குடுத்திய பாத்தியளா அத்தான், அத நான் சாகுறமட்டும் மறக்க மாட்டேன்" என்றான். அரை மணி நேரத்தில் தில்லைநாயகமும் வாசலில் வைத்து ஏறக்குறைய அதையே சொன்னார். அப்புறம்தான் எனக்கு விளங்கிற்று. பழையதைக் கொடுக்க மாட்டீர்கள்தானே என்று அவன் கேட்டிருக்கிறான், புதியதுக்குத்தானே உங்கள் ஓட்டு என்று இவர் கேட்டிருக்கிறார். பிடரியில் அவ்வளவு தண்ணீர் விழுந்தால் தலை கீழே போகும், மேலே வரும், மறுபடி கீழே போகும். நான் ரெண்டு பேருக்கும் நன்றாகத் தலையாட்டியிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரே சொத்தை ரெண்டு பேருக்கு விற்றவனை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன், இன்று நானே அந்த வரிசையில் நிற்கிறேன்.

ஆகவே தம்பி, கொண்டுவரட்டுமா வேண்டாமா என்ற உன் கேள்விக்குப் பதில் என்னவென்றால், கொண்டுவந்தாலும் கல்யாணம் நின்றுபோகும், கொண்டுவராவிட்டாலும் நின்றுபோகும். நீ செய்ய வேண்டியது இதுதான். ஆவணி பதினைந்தில் நீ வந்து இறங்கும்போது ரயிலடிக்கு ரெண்டு கட்சியும் மாலையோடு வருகிறது. பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது என்று சொல். எந்தப் பெட்டியையும் தாலி ஏறும்வரை திறக்காதே, உன் வேஷ்டி சட்டைக்கு என்னுடையதைத் தருகிறேன். புது கேம் உள்ளே இருக்கிறதா என்று யார் கேட்டாலும் சிரி, தலையை மட்டும் ஆட்டிவிடாதே. பதில் எழுதினால் துல்கர்னைன் கடை விலாசத்துக்கு எழுதாதே, அங்கே பிரித்து வாசித்துவிடுகிறார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெண்ணைப் பெற்றவன் வரதட்சணைக்குப் பயப்படுவான், சாதகத்துக்குப் பயப்படுவான், நான் டிவியில் ஓடுகிற ஒரு பொட்டுக்குப் பயந்துகொண்டிருக்கிறேன்.

உன் அறைச் சிநேகிதர்கள் எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும், அந்த மிஷின்காரருக்கு மட்டும் சொல்ல வேண்டாம். காசி விசுவநாதர் உன்னைச் சுகமாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும் அண்ணன்
பால்வண்ணநாதன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கவரை ஒட்டப் போகும் சமயம் வீரபாகுவும் தில்லைநாயகமும் ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்தார்கள். அச்சகத்தில் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள், ரெண்டு தலையாட்டலும் வெளியே வந்துவிட்டது. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டார்கள். காப்பி கொண்டுவந்த முத்துவடிவு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா தலைய ஆட்டல மாமா, அருவிதான் ஆட்டுச்சு" என்றாள். ரெண்டு பேரும் அவளுக்கு மாமாதான், ஆகவே ரெண்டு பேரும் நிமிர்ந்தார்கள். "சித்தப்பா அத எனக்குன்னுதான் வாங்கியாந்தாங்க. இத்தன பேர் ஓட்டுப் போட்டியளே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள். அந்த மிஷினை மாமன் சீராக வைத்துத் தன்னோடு அனுப்பிவிடுங்கள், ஆட்டம் இனி குத்துக்கல்வலசையில் நடக்கட்டும் என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். மிஷின் நாடு கடக்காது என்பதில் வீரபாகுவுக்குத் திருப்தி. தன் வீட்டிலேயே இருந்தால் வாரம் முழுக்கப் பழகி இவனை ஜெயித்துவிடலாம் என்று தில்லைநாயகத்துக்கு மனக்கணக்கு, அது அவர் முகத்திலேயே தெரிந்தது. என்னைத் தலைவர் பதவியிலிருந்து ஏகமனதாக எடுத்துவிட்டு, டிவி ஒன்று வாங்கிவிடுவதாக ஒப்புக்கொண்ட அவரைப் போட்டிருக்கிறார்கள். புது கேம் வேண்டாம் என்று தீர்மானமும் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு இனி ஒரு தடங்கலும் இல்லை. பெட்டியை ரயிலடியிலேயே திறந்துகொள்.

ஆனால் உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மிஷினைத் தொட்டதில்லை என்று மேலே எழுதியது பொய். ஞாயிறு நீங்கலாகத் தினமும் மத்தியானம் உன் மதினி கண் அசந்ததும் முத்துவடிவும் நானும்தான் ஆடுவோம். ரெண்டு வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை. அவள் வீரபாகுவைக் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பாள், மாமா மனசு கஷ்டப்படும் என்று ஞாயிற்றுக்கிழமை உள்ளேயே இருந்துவிடுவாள். மிஷின் அவளோடு போகட்டும், அதுதான் சரி. இங்கே இருந்தாலும் அந்தக் குமிழைப் பிடிக்க எனக்கு எதிரே ஆள் கிடையாது. அதனால் மன்றம் என்ன தீர்மானம் போட்டாலும் போடட்டும், நீ அந்த விமான கேமை முழு விலை கொடுத்தாவது ஒன்று வாங்கி வா. அது ஒரு ஆளே ஆடுகிறதுதானே?